அம்மாவின் மடியில் இருந்த பை

1

என் மகள் மீரா கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒரு முறை பாண்டிச்சேரியோடு வீடியோவில் பேசுவது எங்கள் வழக்கம். குளிர்காலத்தில் இங்கே பிரான்சில் காலை பதினொன்று என்றால் அங்கே மாலை மூன்றரை. முதலியார்பேட்டை வீட்டுக் கூடத்தில், பச்சைச் சுவருக்கு முன்னால், பெஞ்சில் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மீரா வந்து "சாப்ட்டியா ஆயா", "நல்லா இருக்கேன் தாத்தா" என்ற இரண்டு வாக்கியங்களையும் ஒப்பித்துவிட்டுக் கழன்றுகொள்வாள். அவளுக்குப் பத்து வயது. அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அன்றைக்குப் பேசி முடித்ததும் பிரெஞ்சில் கேட்டாள். "வீட்டுக்குள்ளதானே இருக்காங்க, ஆயா ஏன் எப்பவும் மடியில பை வச்சிருக்காங்க?"

நான் அதுவரை கவனித்ததில்லை. "கண்ணாடி, மாத்திரை ஏதாவது வச்சிருப்பாங்க" என்று சமாளித்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தேன். பை இருந்தது. பழுப்பு நிற ரெக்சின் பை, மேலே மடக்குக் குடை. அதற்கு அடுத்த ஞாயிறும் இருந்தது. பேச்சுக்கு நடுவில் அம்மா வழக்கம்போல, "உங்கப்பாவ பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லுடா" என்றார். அப்பா பக்கத்திலேயே இருந்துகொண்டு, "போட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லுடா" என்றார். இவர்கள் இப்படித்தான் விளையாடுவார்கள் என்று எத்தனையோ மாதமாகச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என்னமோ சிரிப்பு வரவில்லை.

ஊர்ப்பக்கம் போய் இரண்டரை வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். சொல்லிவிட்டுப் போனபோதெல்லாம் சுவருக்குப் புது வண்ணம், மெத்தைக்குப் புது விரிப்பு என்று ஒரு மாப்பிள்ளை வீட்டைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது என் வீட்டை அது இருக்கிறபடியே பார்க்க வேண்டும்.

என் மனைவி மாலதிக்கு இது பிடிக்கவில்லை. அவள் சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் வந்த குடியுரிமையால்தான் நானும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். "சொல்லிட்டுப் போங்க" என்றாள். "வயசானவங்க. நம்ம ஊர்ல சொல்லாம யாராவது வந்து நின்னா கெட்ட சேதின்னுதான் நெனப்பாங்க." நான் கேட்கவில்லை. பிடிவாதம் எனக்கு அப்பா வழியில் வந்தது.

2

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வருடக் கடைசிக் கூட்டம். ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பீச்சுக்கா சார், ஓட்டலுக்கா?" என்றார். முதலியார்பேட்டை என்றதும் அவர் முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது. இறங்கும்போது பழக்க தோஷத்தில் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவரும் அசராமல் "மெர்சி, மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் கோலம் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். மார்கழி மாதத்தில் அம்மா கோலம் போடாமல் விட்டதை நான் பார்த்ததே கிடையாது.

கதவைத் திறந்தது அப்பா. மடித்துக் கட்டிய லுங்கி, நான்கு நாள் தாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்கிற அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பதினோரு மணி நேர விமானப் பயணம் முழுக்கக் கற்பனை செய்துகொண்டு வந்தேன். வந்தது பயம்.

"இன்னாடா" என்றார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. சும்மாதான் வந்தேன். லீவு."

"சொல்லிட்டு வரக் கூடாதா?"

"சொன்னா அப்புறம் என்ன இருக்கு? அம்மா எங்க?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்தார். "தவளக்குப்பம் போயிருக்கா. உன் சின்னம்மாக்கு ஒடம்பு சரியில்ல."

சமையலறையில் ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுப்பு மேடையில் ஓட்டல் சாம்பார் கட்டியிருந்த பிளாஸ்டிக் பைகள். சாமி படத்தில் காய்ந்து போன சரம். பச்சைச் சுவரும் பெஞ்சும் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. வீடியோவில் தெரிகிற அளவுக்கு ஒரு சதுரம். அதற்கு வெளியே வீடு முழுக்கத் தூசி.

"அம்மாவுக்கு ஒரு போன் போடறேன்" என்று கைப்பேசியை எடுத்தேன்.

அப்பா என் கையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் உழைத்த கை. எழுபத்திரண்டு வயதிலும் அந்தப் பிடி வலித்தது. "போடாதடா" என்றார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. நாளைக்கு அவளே வருவா."

"நாளைக்கு வர்றவங்க எப்ப போனாங்க?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சித்திரையில."

3

எட்டு மாதமாக அம்மா இந்த வீட்டில் இல்லை. தவளக்குப்பத்தில் சின்னம்மா வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலூர் ரோட்டில் பஸ் பிடித்து, மூன்றேகாலுக்கு வந்து, எதுவும் பேசாமல் பெஞ்சில் உட்காருவார். நாங்கள் கூப்பிடுவோம். சிரிப்பார், பேசுவார், மீராவைக் கொஞ்சுவார். நான் இணைப்பைத் துண்டித்ததும் பையை எடுத்துக்கொண்டு நாலரை பஸ்ஸுக்குப் போய்விடுவார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை கவலைப்படக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப் போயிருக்கிறது.

காரணம் நான் அனுப்பிய ஒரு காகிதம்.

மூன்று வருடத்துக்கு முன் இவர்கள் இருவரையும் மூன்று மாதம் பிரான்சுக்கு அழைத்துக்கொள்ள முயன்றேன். அதற்கு எங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சியில், அழைப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, வீட்டின் அளவு எத்தனை சதுர மீட்டர், விருந்தாளி எந்தக் கட்டிலில் படுப்பார் என்பது வரை கேட்டார்கள். நான்கு தடவை நடந்தேன். கடைசியில் வட்ட முத்திரையோடு கிடைத்த அசல் காகிதத்தைக் கூரியரில் அனுப்பினேன். அம்மா சண்டே மார்க்கெட்டில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் அதை வெயிலில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா முதலில் தான் மட்டும் விசா அலுவலகத்துக்குப் போய்க் காகிதங்களைக் காட்டி விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பி வந்து, இந்தச் சான்றிதழ் செல்லாது என்று கவுன்ட்டரிலேயே திருப்பிவிட்டார்கள் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே மேரிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், நீங்கள் போட்ட முத்திரைக்கு உங்கள் நாட்டிலேயே மதிப்பில்லையா என்று சத்தம் போட்டேன். கோபத்தில் என் பிரெஞ்சு பாதியில் அறுந்து போய் மீதியைத் தமிழில் முடித்தேன். அந்தப் பெண் அமைதியாக, மறுப்புக் கடிதம் இருக்கிறதா மெசியே என்று கேட்டாள். காகிதம், காகிதம், உங்களுக்கெல்லாம் மனுஷனே காகிதம்தான் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். இந்தக் கதையை வீடியோவில் அப்பா அம்மாவிடம் எத்தனை தடவை வீரமாகச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காகிதத்தை அவர் யாரிடமும் காட்டவே இல்லை. சித்திரையில் ரேஷன் கார்டு தேடும்போது பீரோவின் மேல்தட்டில் அம்மா அந்த உறையைக் கண்டெடுத்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் உள்ளே, விசாவுக்கென்று ஸ்டூடியோவில் போய் எடுத்த இரண்டு பேரின் போட்டோக்களும் ஸ்டூடியோ கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"வாசல் வரைக்கும் போனேன்டா" என்றார் அப்பா. "டோக்கன்கூட குடுத்தாங்க. உக்காந்தேன். அப்புறம் எழுந்து வந்துட்டேன்."

"ஏன்?"

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்? நீ வேலைக்குப் போயிடுவ. உம் பொண்ணு பேசறது எனக்குப் புரியாது. ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"அப்ப அம்மா மட்டுமாவது வரட்டும்னு உங்களுக்குத் தோணலியா?"

"தோணிச்சு" என்றார். "அதாலதான் எழுந்து வந்தேன். அவ வந்தா திரும்பியிருக்க மாட்டா."

நான் திட்டினேன். பெற்ற தகப்பனை அப்படித் திட்டியதில்லை; இனியும் திட்ட மாட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. அந்த மூன்று மாதம் அம்மா இருந்திருந்தால் மீராவின் தமிழ் இரண்டு வாக்கியத்தோடு நின்றிருக்காது என்றுகூடச் சொன்னேன். அது நியாயமில்லை. அவள் தமிழைத் தொலைத்ததில் என் பங்கு பெரிது. ஆனால் வாயில் வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தவளக்குப்பத்துக்குக் கிளம்பினேன். அப்பா வாசலில் குறுக்கே நின்றார்.

"நீ வந்தது தெரிஞ்சா அவ நாளைக்கு இங்க வரமாட்டா. இங்க வர்றதே உன் போனுக்குத்தான். நீயே அங்க போயிட்டா அவளுக்கு இங்க என்ன வேல?" என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்: "போறப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போனா. நான் பண்ணத என் வாயால உங்கிட்ட சொல்லணும்னு. அவ எதிர்ல. அது வரைக்கும் இந்த வீட்டுல கால் வெச்சி குடித்தனம் பண்ண மாட்டேன்னு."

"எட்டு மாசமா சொல்லலியே?"

"ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் உக்காருறேன். நீ எதிர்ல சிரிச்சிக்கிட்டே இருக்க. அந்த மேரி பொம்பள கதைய எடுத்து விடுவ. எப்படிச் சொல்றது?"

அவருக்கு வேண்டியது இதுதான். நான் நாளைக்கு மாடி அறையில் ஒளிந்துகொண்டு, பிரான்சில் இருப்பதுபோலக் கூப்பிட வேண்டும். அம்மாவின் முன்னால் அவர் சொல்லுவார். நான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். இன்னொரு நாடகம். ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய். எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஆனால் நாளை அம்மா வராமல் போனால், இனி அந்த பெஞ்சில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேறு காரணமே கிடையாது. அது எனக்கும் தெரிந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

4

ஞாயிறு மூன்று மணிக்கு மாடி அறைக்கு ஏறினேன். குடியிருந்தவர்கள் காலி செய்து போன அறை. வெள்ளைச் சுவராகப் பார்த்து நாற்காலியைப் போட்டேன். டிசம்பரில் நான் டி-ஷர்ட்டில் பேசினால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அதனால் விமானத்தில் போட்டு வந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, சத்தம் கேட்குமென்று மின்விசிறியையும் நிறுத்தினேன். கழுத்தில் வேர்வை வழிந்தது. பிரான்சிலும் எனக்கென்று ஒரு சுவர் உண்டு. எங்கள் வீட்டில் ஈரம் பூத்த மூலையையும் துணி காயப்போட்ட கம்பியையும் மறைத்துத்தான் இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றேகாலுக்குக் கேட் சத்தம் கேட்டது. செருப்பு கழற்றும் சத்தம். இரண்டரை வருடம் கழித்து என் அம்மா பத்து அடிக்குக் கீழே வந்து நிற்கிறார்; நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. கீழே பேச்சே இல்லை. பெஞ்ச் ஒரு தடவை கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

மூன்றரைக்குக் கூப்பிட்டேன்.

அம்மாவின் குரல் முதலில் மாடிப்படி வழியாக வந்தது. அடுத்துத்தான் கைப்பேசியில் வந்தது. "இன்னாடா இன்னிக்கு மூஞ்செல்லாம் எண்ண வழியுது? அங்க குளிரில்லியா?"

"ஹீட்டர் போட்டிருக்கும்மா."

"மீரா எங்க?"

"நீச்சல் கிளாஸ். மாலதியும் கூடப் போயிருக்கா."

மடியில் பை இருந்தது. பையின் மேல் குடை. அம்மா இளைத்திருந்தார். அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவர் கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. சொல்லுங்கப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அம்மா சின்னம்மா வீட்டுக் கன்றுக்குட்டி பற்றிச் சொன்னார். அப்பா இருமினார். "உங்கப்பாவ வெந்நி குடிக்கச் சொல்லு" என்றார் அம்மா.

"ஒரு நிமிஷம்" என்றார் அப்பா. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

"அந்த விசா பேப்பரு. அத அவங்க திருப்பல. நான் குடுக்கவே இல்ல. குடுக்காம வந்து பொய் சொன்னேன். உங்கம்மா எவ்ளோ ஆசையா இருந்தான்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். தப்பு என்னுது."

முகத்தில் அதிர்ச்சியைக் கொண்டுவர வேண்டிய இடம். எனக்கு நடிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. அது போதும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் லோடு ஆட்டோ நுழைந்தது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: பழைய இரும்பு, பழைய பேப்பர், ஓட்டை பக்கெட், உடைஞ்ச சேர் எடுக்கிறது. அது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. கீழே ஒரு தடவை, என் கைப்பேசி வழியாக அவர்கள் கைப்பேசியில் இன்னொரு தடவை, ஓட்டை பக்கெட், ஓட்டை பக்கெட் என்று முழங்கியது.

திரையில் அம்மா அசையாமல் இருந்தார். தெருப்பக்கம் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மேலே, கூரையைப் பார்த்தார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மனிதர் உண்மையைச் சொன்ன அதே நிமிடத்தில் பொய்யராகவும் பிடிபட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். கைப்பேசியைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்து.

"மேலதான் இருக்கான். நேத்து வந்தான். நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் எதிர்ல சொல்லணும்னு சொன்னியே, அதுக்குத்தான் இப்பிடி."

லோடு ஆட்டோ நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போனது. அதற்குப் பிறகு அம்மா கேட்டார். என் மூலமாக இல்லை, நேராக அப்பாவிடம்.

"சொன்னப்ப அவன் இன்னா சொன்னான்?"

"திட்டினான்."

"நல்லா திட்டினானா?"

"நல்லா திட்டினான். பக்கத்து வீட்ல ஜன்னல மூடிக்கிட்டாங்க."

"சரி" என்றார் அம்மா. பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எறங்கி வாடா. அந்தக் கம்பளிய மொதல்ல கழட்டு."

5

நான் இறங்கியதும் அம்மா என் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்தார். அழவில்லை. "கூத்தாடிங்க" என்று மட்டும் சொன்னார். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார். எதையும் எடுத்து வைக்கவில்லை. இனி இருந்துவிடுவார் என்று நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் நின்று காத்துக்கொண்டிருந்தோம்.

"நாலரைக்கு பஸ்சு" என்றார் என்னிடம். "தங்கச்சி கறிக்கொழம்பு வெக்கிறேன்னா. கெளம்பு."

அப்பா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஆனாலும் அவள் போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. எட்டு மாதக் கோபம் ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பியது எங்கள் முட்டாள்தனம். ஸ்வெட்டரை வெயிலில் போட்டு எடுத்தது அம்மா.

அம்மா வாசலில் செருப்பை மாட்டினார். குடையை விரித்தார். திரும்பிப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்.

"வரதா இருந்தா சட்டைய மாத்திக்கிட்டு வாங்க. அந்தச் சட்டைய எட்டு மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாத்துக்கிட்டே இருக்கேன்."

6

நான் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. மேரிக்குப் போனேன். அதே பெண்தான் கவுன்ட்டரில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு நினைவே இல்லை. அழைப்புச் சான்றிதழுக்குப் புது மனு கொடுத்தேன். விருந்தாளிகள் எத்தனை பேர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அது இல்லாமல் மனுவை வாங்க முடியாது மெசியே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒன்றா, இரண்டா? எனக்கு இன்னும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பாவக் கேளு" என்கிறார். அப்பாவிடம் கேட்டால், "உங்கம்மாவக் கேளு" என்கிறார்.

நேற்று ஞாயிறு. கூப்பிட்டேன். மீரா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். பின்னால் பச்சைச் சுவர் இல்லை. சின்னம்மா வீட்டுச் சுவர், காலண்டர், மூலையில் கன்றுக்குட்டிக்கான கயிறு. அம்மா வீட்டுப் புடவையில், கீரையை ஆய்ந்துகொண்டே பேசினார். அவர் மடியில் முறம் இருந்தது.

பக்கத்தில் அப்பா. புதுச் சட்டை. நாலரை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டியவர் அவர்.

"தாத்தா" என்றாள் மீரா, தமிழில், தானாகவே. "இப்ப பை ஒங்க மடியில."